சாப்பிட்ட சோறும் சைன் போட்ட பேப்பரும்
இளைஞர் படிப்பு வட்டம்: இம்மாதப் பாடம்

பாடத்தின் நோக்கம்: கம்பெனி செலவு செய்து கொடுத்த படிப்பு, பயிற்சி, முன்பணம் ஆகியவற்றை வேலையை விடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டுமா, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைத் தர்மத்தின் வழியாகவும் நாட்டுச் சட்டத்தின் வழியாகவும் புரிந்துகொள்வது.

எஸ்.பி.எம். முடிச்ச நம்ம பிள்ளைங்க நிறைய பேர் இன்னைக்கு ஸ்பான்சர் படிப்பு வழியா வேலைக்குப் போறாங்க. தனியார் மருத்துவமனை தாதியர் படிப்புக்குப் பணம் கட்டும். தொழிற்சாலை டெக்னீஷியன் கோர்சுக்கு அனுப்பும். கணக்காய்வு நிறுவனம் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டும். பதிலுக்கு ஒரு பேப்பர் நீட்டுவாங்க: "படிச்சு முடிச்சதும் இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்யணும். நடுவுல போனா இவ்வளவு ரிங்கிட் கட்டணும்." இதைத்தான் நாம் பாண்ட் என்கிறோம்.

கையெழுத்துப் போடுறப்ப அது சந்தோஷமான நாள். அப்பாவும் மாமாவும் கேரண்டரா சைன் போடுவாங்க, கோயில்ல அர்ச்சனையும் நடக்கும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, சம்பளம் போதவில்லை, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சிங்கப்பூரில் நல்ல வேலை கிடைச்சிருக்கு என்று கிளம்பும்போதுதான் அந்தப் பேப்பர் மறுபடியும் வெளியே வரும். அப்போது இரண்டு தப்பான அறிவுரை காதில் விழும். "பேசாம ஓடிப் போ, ஒண்ணும் பண்ண முடியாது" என்பார் ஒருவர். "சைன் போட்டுட்ட, கேட்டதை அப்படியே கட்டிடு" என்பார் இன்னொருவர். இரண்டும் ஏன் தப்பு என்பதே இந்த மாதப் பாடம்.

1. மூன்று கடன்

தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்று மனிதன் மூன்று கடனோடு பிறக்கிறான் என நம் சமயம் சொல்வதை முன்பு படித்திருக்கிறோம். அதே மாதிரி, வேலை விஷயத்திலும் மூன்று கடனைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது பணக் கடன். கம்பெனி உங்களுக்காக உண்மையிலேயே செலவு செய்த ரிங்கிட். இதற்கு ரசீது இருக்கும், கணக்கு இருக்கும்.

இரண்டாவது வாக்குக் கடன். "மூணு வருஷம் இருப்பேன்" என்று நீங்கள் கொடுத்த சொல். திருக்குறளில் வாய்மைக்கு என்றே ஒரு அதிகாரம் இருக்கிறது. சொன்ன சொல்லை லேசா எடுத்துக்கிறவன் நம் மரபில் மதிக்கப்படுவதில்லை.

மூன்றாவது நன்றிக் கடன். வேலை தெரியாமல் வந்த உங்களுக்குக் கற்றுக்கொடுத்த மேட்ரன், சூப்பர்வைசர், முதலாளி. இதைச் செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வோம்.

பெரும்பாலான சண்டை இந்த மூன்றையும் ஒன்றாகக் கலப்பதால் வருகிறது. முதலாளி நன்றிக் கடனைக் காட்டிப் பணம் கேட்கிறார். நாமோ, "இவ்வளவு உழைச்சேன், நன்றியெல்லாம் தீர்ந்துடுச்சு" என்று சொல்லிப் பணக் கடனையே மறுக்கிறோம். இரண்டு பக்கமும் கணக்கு தப்பு.

செஞ்சோற்றுக் கடன் என்றதும் கர்ணன் ஞாபகம் வருவான். பாண்டவர் பக்கம் வந்தால் அரசு உனக்கே என்று கண்ணன் கூப்பிட்டும் அவன் துரியோதனனை விடவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சபையில் அவமானப்பட்டு நின்றவனுக்கு அங்க தேசத்தைக் கொடுத்தபோது துரியோதனன் நட்பைத்தான் கேட்டான். "இத்தனை வருஷம் சண்டை போடு, இல்லாட்டி அபராதம்" என்று ஓலை எழுதி வாங்கவில்லை. அதனால் அது நன்றிக் கடன். கம்பெனி பாண்ட் அப்படிப்பட்ட தானம் இல்லை, ஒப்பந்தம். அவர்கள் பணம் போட்டார்கள், பதிலுக்கு உங்கள் உழைப்பைக் கேட்டார்கள். ஒப்பந்தமாகப் பேசியதை ஒப்பந்தமாகவே தீர்க்கணும். நன்றியை மனசிலும் நடத்தையிலும் காட்டலாம். அதற்கு ரிங்கிட்டில் பில் போட முடியாது.

2. சட்டம் எங்கே நிற்கிறது?

மலேசியாவில் பாண்ட் போடுவது சட்டத்துக்கு விரோதம் இல்லை. அதே சமயம், பாண்டில் எழுதிய தொகை எல்லாம் அப்படியே கிடைத்துவிடும் என்பதும் இல்லை. ஐந்து விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

(அ) பாண்ட் உங்களைக் கட்டிப்போடும் கயிறு இல்லை. ஒருவரைப் பிடித்து வைத்து வேலை வாங்கும்படி நீதிமன்றம் உத்தரவு போடாது. பேச்சு பணத்தைப் பற்றித்தான். மிரட்டி, ஏமாற்றி, வெளியே போக விடாமல் வேலை வாங்குவதை 2023 ஜனவரி 1 முதல் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்ட அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பதும் குற்றம். "பாண்ட் முடியும்வரை பாஸ்போர்ட் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீங்க. இன்னொன்று: பாண்டை உடைப்பது சிவில் விவகாரம். வெறுமனே வேலையை விட்டதற்காகப் போலீஸ் வந்து பிடிக்காது.

(ஆ) பாண்டில் இருக்கிற தொகை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75வது பிரிவு என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு கட்டணும் என்று எழுதியிருந்தால், அந்தத் தொகையைத் தாண்டாமல், நியாயமான இழப்பீடு கிடைக்கும். எழுதியிருக்கும் தொகை உச்ச வரம்பு. அதுவே தீர்ப்பு இல்லை. 1995இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, உண்மையான நஷ்டத்தை நிரூபித்தால்தான் பணம் என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. 2018இல் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. அது நிலம் கட்டடம் விற்பனையில் முன்பணம் பறிபோன வழக்கு. ஆனாலும் அதில் சொன்ன விதி பொதுவானது. எல்லா வழக்கிலும் நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை. பணம் கேட்பவருக்குக் காப்பாற்ற வேண்டிய நியாயமான அக்கறை ஏதாவது இருக்கிறதா, கேட்கும் தொகை அதற்குப் பொருத்தமா என்று பார்க்கணும். தொகை நியாயமில்லை என்று காட்டும் பொறுப்பு ஒப்பந்தத்தை மீறியவர் மேல் விழும்.

இதன் அர்த்தம் என்ன? "அநியாயம்" என்று கத்தினால் போதாது. ஏன் அநியாயம் என்று நீங்கதான் பேப்பரோடு காட்டணும். அதனால்தான் ரசீது, கோர்ஸ் கட்டண விவரம், சம்பளச் சீட்டு எல்லாம் முக்கியம்.

(இ) கடைசிச் சம்பளம். உழைத்த சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்று வேலைச் சட்டத்தின் 24வது பிரிவு பட்டியல் போடுகிறது. கடந்த மூன்று மாதத்துக்குள் தவறுதலாக அதிகம் கொடுத்த சம்பளம், நோட்டீஸ் குறைவுக்கான தொகை, சம்பள முன்பணம் ஆகியவற்றைப் பிடிக்கலாம். வேறு சிலவற்றுக்கு உங்கள் எழுத்துபூர்வ வேண்டுகோள் வேண்டும். சிலவற்றுக்கு அதோடு தொழிலாளர் துறையின் முன் அனுமதியும் வேண்டும். பாண்ட் அபராதம் என்று அந்தப் பட்டியலில் தனியாக எதுவும் இல்லை. ஆகவே "பாண்ட் பாக்கி இருக்கு, சம்பளம் கிடையாது" என்று முழுச் சம்பளத்தையும் நிறுத்தினால், தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். நாடு விட்டுப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கணும்: வருமான வரிக்காகவும் முதலாளி கடைசிப் பணத்தைச் சில காலம் நிறுத்திவைக்க வேண்டி வரலாம். அது பாண்ட் விவகாரம் இல்லை. எதற்காக நிறுத்தினார்கள் என்று முதலில் கேளுங்க.

(ஈ) திருப்பிக் கேட்கவே முடியாதவை. முதலாளி கட்டிய இபிஎஃப், சொக்சோ பங்கு உங்களிடமிருந்து வசூலிக்க வேண்டிய பணம் இல்லை. சட்டம் கொடுக்கிற பிரசவ விடுப்புச் சம்பளமும், சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறையும் அப்படித்தான். வேலைச் சட்டம் தருவதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், சட்டம்தான் செல்லும். அதேபோல், எச்ஆர்டி கோர்ப்புக்குக் கட்டும் லெவியை முதலாளி உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது.

(உ) நோட்டீஸ் வேறு, பாண்ட் வேறு. நோட்டீஸ் காலம் ஒப்பந்தத்தில் எழுதியபடி. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு. எதுவும் எழுதவில்லை என்றால் இரண்டு வருஷத்துக்குக் குறைவான வேலைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 6 வாரம், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் 8 வாரம். ஒழுங்காக நோட்டீஸ் கொடுத்துவிட்டால் பாண்ட் தீர்ந்தது என்று நினைக்காதீங்க. பாண்டுக்குப் பயந்து நோட்டீஸ் கொடுக்காமல் ஓடினால் இரண்டும் சேர்ந்து வரும்.

மேலே சொன்ன வேலைச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரியது. சபா, சரவாக்கில் இருக்கிறவங்களுக்குத் தனித் தொழிலாளர் சட்டங்கள் உண்டு.

3. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு தங்கச்சியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கம்பெனி அவள் கோர்சுக்கு 12,000 ரிங்கிட் கட்டியது. பாண்ட் 36 மாதம். நடுவில் போனால் 30,000 ரிங்கிட் என்று எழுதியிருக்கிறது. அவள் 24 மாதம் வேலை செய்துவிட்டுக் கிளம்புகிறாள். சம்பளம் 2,400 ரிங்கிட். நோட்டீஸ் ஒரு மாதம். அவள் கொடுத்தது இரண்டு வாரம். கம்பெனி 30,000 கேட்கிறது. கடைசி மாதச் சம்பளத்தையும் நிறுத்திவிட்டது.

முதலில் பணக் கடன். செலவு 12,000. மூன்றில் இரண்டு பங்கு காலம் உழைத்துக் கொடுத்தாச்சு. மிச்சம் 12 மாதம். 12,000ஐ 36ஆல் வகுத்து 12ஆல் பெருக்கினால் 4,000 ரிங்கிட். மாதம் குறையக் குறையப் பாண்ட் தொகையும் தானாகக் குறையணும் என்று சட்டத்தில் நேரடியாக ஒரு வரி இல்லை. ஆனால் "நியாயமான இழப்பீடு எவ்வளவு?" என்ற கேள்வி வரும்போது இது வலுவான வாதம். பாண்டிலேயே இப்படிக் குறையும் என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை.

அடுத்து, 12,000 ரிங்கிட்டும் கம்பெனி கையிலிருந்து போனதா? பத்து பேருக்கு மேல் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் பல நிறுவனங்கள் எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவி கட்டி, அதிலிருந்து பயிற்சிச் செலவை எடுத்துக்கொள்கின்றன. அந்த லெவியும் கம்பெனி கட்டிய பணம்தான் என்று அவர்கள் சொல்லலாம். இருந்தாலும், எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு போனது என்று கேட்பதில் தப்பே இல்லை.

மூன்றாவது நோட்டீஸ் குறைவு. அரை மாதம், அதாவது 1,200 ரிங்கிட். இதைக் கம்பெனி கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். மீதி 1,200 அவள் கைக்கு வரணும்.

ஆக, அவள் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டிய தொகை 30,000 இல்லை, சும்மாவும் இல்லை. 1,200 ரிங்கிட் நோட்டீசுக்குப் போயாச்சு. பாண்டுக்கு 4,000 ரிங்கிட்டை மாதம் 400 வீதம் பத்து மாதத்தில் கட்டுகிறேன் என்று கடிதம் எழுதலாம். மீதி 26,000 எதற்கு என்று விளக்கம் கேட்கலாம். அவள் இடத்தில் வேறு ஆளைத் தேடிப் பழக்க உண்மையில் செலவு ஆகியிருந்தால் கம்பெனி அதைக் காட்டட்டும். காட்டினால் அதையும் பேச வேண்டியதுதான். தர்மம் நம்ம பக்கம் மட்டும் இருக்கிற சொத்து இல்லை.

4. கேரண்டர்: இங்கேதான் அதிகம் யோசிக்கணும்

அரிச்சந்திரன் கதையை நாம் வாய்மைக்காகச் சொல்வோம். விசுவாமித்திரருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நாட்டைக் கொடுத்தான். மீதிக் கடனுக்காகக் காசியில் தன்னையே விற்றான். அதே கதையை இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். வாக்குக் கொடுத்தது அரிச்சந்திரன். அவனுக்கு முன்னாலேயே விலை போனது சந்திரமதியும் சின்னப் பிள்ளை லோகிதாசனும். ஒருவர் சொன்ன சொல்லின் பாரம் வீட்டில் எல்லார் தலையிலும் இறங்கியது.

கேரண்டர் சைனும் அதேதான். ஒப்பந்தச் சட்டத்தின் 81வது பிரிவுப்படி, வேறு விதமாக எழுதியிருந்தால் தவிர, கேரண்டரின் பொறுப்பு உங்கள் பொறுப்புக்குச் சமம். "முதல்ல பிள்ளைகிட்ட கேளுங்க, கிடைக்காட்டி என்கிட்ட வாங்க" என்று அப்பா சொல்ல முடியாது. நீங்கள் சிங்கப்பூருக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால், வக்கீல் கடிதம் வருவது அப்பா வீட்டுக்குத்தான். தோட்டத்திலும் பேக்டரியிலும் உழைத்து ஓய்வு பெற்றவர், இங்கிலீஷில் வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார். ஒப்பந்த வழக்குப் போட ஆறு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. "ஒரு வருஷமா சத்தம் இல்ல, விட்டுட்டாங்க" என்று நம்பக் கூடாது.

ஓர் ஆறுதல்: லாபம் இல்லாமல், படிப்புக் கடனுக்கோ உதவிச்சம்பளத்துக்கோ கேரண்டராக நின்றவரைச் சமூக உத்தரவாதி என்று சட்டம் சொல்கிறது. 2017 அக்டோபரிலிருந்து அப்படிப்பட்டவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் திவாலாக்க முடியாது என்பதற்கும் கடன் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. வழக்குப் போட்டுப் பணம் கேட்க முடியும்.

வயது விஷயமும் இருக்கிறது. பொதுவாக 18 வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. ஆனால் அரசாங்கமோ சட்டபூர்வ அமைப்போ கல்வி நிறுவனமோ கொடுக்கும் உதவிச்சம்பள ஒப்பந்தத்துக்கு 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விலக்குத் தருகிறது. "எனக்கு அப்ப பதினேழு வயசுதான்" என்பது அங்கே எடுபடாது.

5. சைன் போடும் முன்

• பேப்பரை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்க. "இப்பவே இங்கேயே சைன் பண்ணு" என்றால் ஒரு நாள் அவகாசம் கேளுங்க.
• நாலு கேள்வி கேளுங்க: உண்மையான செலவு எவ்வளவு? பாண்ட் எந்தத் தேதியிலிருந்து ஆரம்பம்? மாதம் ஆக ஆகத் தொகை குறையுமா? கம்பெனியே என்னை நிறுத்தினால் அல்லது கடையை மூடினால் பாண்ட் என்ன ஆகும்?
• கேரண்டருக்குத் தெரிந்த மொழியில் வரி வரியாக விளக்குங்க. புரியாமல் அப்பாவை சைன் போட வைப்பது பிள்ளை செய்யக் கூடாத காரியம்.
• ஒரு பிரதி கட்டாயம் வாங்குங்க.

6. கிளம்பும்போது

• மேலாளரை நேரில் பார்த்துச் சொல்லுங்க. கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி சொல்லுங்க. நன்றிக் கடன் தீர்கிற இடம் அதுதான்.
• ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து நோட்டீசை முழுசாகச் செய்யுங்க.
• பாண்ட் கணக்கை விவரமாக எழுதித் தரச் சொல்லுங்க. வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலைக்கூட அழிக்காமல் வையுங்க.
• நியாயம் என்று தோன்றும் தொகையைத் தவணையில் கட்ட முன்வாருங்க. ஒத்துக்கொண்டால், "இதோடு எல்லாப் பாக்கியும் தீர்ந்தது" என்று எழுதி வாங்குங்க. கேரண்டர் பெயரும் அதில் இருக்கணும்.
• புதிய முதலாளி பாண்டைக் கட்ட முன்வந்தால், அதற்கு இன்னொரு பாண்ட் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்க.
• சம்பளமே ஒழுங்காகக் கொடுக்காத முதலாளி என்றால் கதை வேறு. அவரே ஒப்பந்தத்தை மீறியவர். சைன் போடுவதற்கு முன் தொழிலாளர் இலாகாவில் ஆலோசனை கேளுங்க.
• வழக்கு என்று கடிதம் வந்தால் மூலையில் போடாதீங்க. பதில் சொல்லாமல் விட்டால், உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். 1,00,000 ரிங்கிட் வரையிலான வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம்.

பாடச் சுருக்கம்

பணக் கடனைக் கணக்குப் போட்டுத் தீருங்கள். வாக்கை யோசித்துக் கொடுங்கள். காப்பாற்ற முடியாமல் போனால் ஒளியாமல் போய்ப் பேசுங்கள். நன்றியை மறக்காதீங்க, ஆனால் அதை யாரும் ரிங்கிட்டாக மாற்றிக் கேட்க விடாதீங்க. பயத்தில் கட்டுகிற 30,000 தர்மம் ஆகாது. அப்பா தலையில் போட்டுவிட்டு ஓடுவது விடுதலையும் ஆகாது.

கலந்துரையாடல் கேள்விகள்

1. மேலே சொன்ன தங்கச்சி 6 மாதத்திலேயே கிளம்பியிருந்தால் அவள் எவ்வளவு கட்ட முன்வருவது நியாயம்? கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.
2. கம்பெனி நல்லா நடத்தியது, பாண்டும் நியாயம். வெளியே 500 ரிங்கிட் கூடக் கிடைக்கிறது. பணம் கட்டிவிட்டுப் போகலாமா, இருக்கலாமா? வாக்குக் கடன் இங்கே என்ன சொல்கிறது?
3. நீங்கள் நாளைக்கு முதலாளி ஆனால், உங்கள் தொழிலாளிக்கு எப்படிப்பட்ட பாண்ட் எழுதுவீர்கள்?
4. அரிச்சந்திரன் கதையைச் சந்திரமதி சொன்னால் எப்படி இருக்கும்? இரண்டு பேர் நடித்துக் காட்டுங்கள்.

அடுத்த வகுப்புக்கு: வீட்டில் யாராவது எதற்காவது கேரண்டர் சைன் போட்டிருக்கிறார்களா என்று கேட்டு, அந்தப் பேப்பரை அவர்களோடு உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள்.